"நான் பக்கத்துலதானே இருந்தேன்!"

இந்த வார்த்தையை இந்த வீட்டில் இன்னொரு முறை யாராவது சொன்னால், டிவி வயரையே பிடுங்கிவிடுவேன்.

நேற்றுக் காலை. பெரியவளுக்கு 6 வயது, சின்னவனுக்கு 3. பால் டம்ளரில் முகப்பவுடரைக் கொட்டி ஸ்பூனால் கலக்கிக்கொண்டிருக்கிறாள். அவசரமே இல்லை. மெதுவாக ஒரு சுற்று. வாசல் பக்கம் ஒரு பார்வை. மறுபடி ஒரு சுற்று. ஸ்பூனை டம்ளர் விளிம்பில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, உதட்டோரம் ஒரு சிரிப்பு. அப்புறம் தம்பியிடம் நீட்டி, "குடிடா செல்லம், குடி" என்கிறாள். அவனும் வாயைத் திறந்துவிட்டான். பாய்ந்து போய்த் தட்டிவிட்டேன். தரையெல்லாம் பால்.

"என்னடி இது?"

"விஷம்மா. அந்த ஆன்ட்டி பால்ல போட்டாங்கள்ல, அது மாதிரி."

எந்த ஆன்ட்டி? முந்தின நாள் ராத்திரி எட்டரை மணி சீரியலில் வந்த ஆன்ட்டி. அந்தக் கலக்கலை மூன்று பக்கத்திலிருந்து காட்டி, இடி முழக்கி, ஸ்லோமோஷனில் திரும்பவும் காட்டியிருக்கிறார்கள். ஒன்றுவிடாமல் கற்றுக்கொண்டிருக்கிறாள் பிள்ளை, அந்தச் சிரிப்பு வரைக்கும்.

அப்போது அவளோடு உட்கார்ந்திருந்தவர் அவள் அப்பா. ஒரு கை அவள் தோளில், இன்னொரு கை மொபைலில். கேட்டால், பக்கத்தில்தான் இருந்தாராம். பக்கத்தில் இருந்தால் போதுமா? பிள்ளை என்ன பார்க்கிறது என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்க்க வேண்டாமா? "அது நடிப்புடா கண்ணு, நிஜத்தில் செய்தால் உயிர் போயிடும்" என்று ஒரு வரி. அவ்வளவுதானே கேட்கிறேன்!

செட்டாப் பாக்ஸில் லாக் போடாமலா இருந்தேன்? போட்டேன். மூன்று நாள் தாங்கியது. மாமியார் சீரியல் பார்க்க வேண்டுமென்று இவர் நம்பரைச் சொல்லிவிட்டார். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியாது என்று பேத்தியே அமுக்கிக் கொடுக்கிறாள்.

சினிமாவுக்காவது 2024 முதல் யுஏ சான்றிதழில் 7, 13, 16 என்று வயது போட்டுத் தருகிறார்கள், பெற்றோர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று. டிவி சீரியலுக்கு அந்தச் சான்றிதழும் கிடையாது. குழந்தைகள் அதிகமாகப் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாததைப் போடக்கூடாது என்று 1994ஆம் வருஷத்துக் கேபிள் டிவி விதியிலேயே இருக்கிறது. ராத்திரி எட்டரைக்கு எந்த வீட்டில் பிள்ளை தூங்குகிறது, சொல்லுங்கள்! சின்னவன் வயசுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019லேயே சொல்லிவிட்டது. இங்கே அவனுக்கு ராத்திரிச் சோறு ஊட்டி முடிக்கவே ஒரு மணி நேரம் டிவி ஓடுகிறது.

அந்த டம்ளரில் இருந்தது பவுடர். அலமாரிக் கீழ்த்தட்டில் பினாயில் இருக்கிறது, எறும்பு மருந்து இருக்கிறது. நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது எனக்கு.

நேற்று ராத்திரியும் அதே எட்டரை, அதே இசை. அணைக்கலாம் என்று ரிமோட்டை எடுத்தால் ரப்பர் பேண்ட் அறுந்து இரண்டு பேட்டரியும் சோபாவுக்கு அடியில் உருண்டு போய்விட்டன. அந்தப் பின்மூடியைக் கழற்றி எங்கேதான் போட்டீர்கள்? ஒரு மாதமாகக் கேட்கிறேன்!