ஜன்னல் திறந்திருக்கு என்று சொல்ல இத்தனை பாடா?

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஜன்னல் 10 நிமிடத்துக்கு மேல் திறந்து கிடந்தால் போனுக்குத் தகவல் வர வேண்டும். சென்சார் என்னவோ எளிய சாமான்தான், ஜன்னல் சட்டத்தில் ஒரு ரீட் சுவிட்ச் (காந்தம் பக்கத்தில் இருக்கிறதா என்று உணரும் சுவிட்ச்), கதவில் ஒரு சின்ன காந்தம், இரண்டும் விலகினால் 'திறந்தது' என்று சொல்லும். ஒட்டி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்புறம்தான் தலைவலி. செயலியில் இருப்பதோ திறந்த அந்த நொடியிலேயே அலறும் வசதி மட்டும்; காற்றுக்காகத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் போன் கத்தினால் யார் பொறுப்பார்கள், இரண்டே நாளில் வீட்டில் எல்லோரும் அதை அணைத்துவிட்டார்கள். சரி என்று தனியாக ஹப் (சென்சார்களை இணைத்து, நாம் போடும் விதிப்படி இயக்கும் பெட்டி) வாங்கி, 'திறந்தே 10 நிமிடம் இருந்தால்' என்று விதி போட்டேன். நடுவில் ஹப் ரீஸ்டார்ட் ஆனால் அந்தக் கணக்கு அழிந்துபோகிறது, ஜன்னல் பாட்டுக்குத் திறந்தே கிடக்கிறது.

போன வாரம் இரவு மழையில் மேசை மேல் இருந்த புத்தகங்கள் நனைந்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி உப்பிப் போய்விட்டன. போனில் ஒரு சத்தமும் இல்லை. பார்த்தால் சென்சாரின் பட்டன் பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கிறது; அது கடைசியாக அனுப்பிய 'மூடியிருக்கிறது' என்பதையே செயலி காட்டிக்கொண்டிருந்தது. சென்சாரிடமிருந்து பேச்சே இல்லை என்றால் அதைச் சொல்லுங்கள், மூடியிருப்பதாகப் பொய் சொல்லாதீர்கள்!