413 பந்துகளும் 13 வருடங்களும்

ஜப்பான் சாஃப்ட்பால் பந்துவீச்சாளர் யுகிகோ உயெனோவைப் பற்றி யார் எழுதினாலும் 413 பந்துகளில்தான் ஆரம்பிப்பார்கள். சரி, நானும் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2008 ஆகஸ்ட் 20, பெய்ஜிங் ஒலிம்பிக். சாஃப்ட்பால் என்பது பேஸ்பாலைப் போன்ற ஆட்டம், வழக்கமாக ஏழு இன்னிங்ஸ்தான். மகளிர் அரையிறுதியில் ஜப்பான் ஒன்பது இன்னிங்ஸ் ஆடி அமெரிக்காவிடம் தோற்றது. அங்கே தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு; அன்றைக்கே ஆஸ்திரேலியாவோடு இன்னொரு ஆட்டம். ஜெயித்தால்தான் இறுதிப் போட்டி. அது பன்னிரண்டு இன்னிங்ஸ் இழுத்தது. இரண்டிலும் கடைசிவரை பந்து வீசியது உயெனோ ஒருவர்தான். ஒரே நாளில் 318 பந்துகள். நம் கணக்கில் 53 ஓவர், அதுவும் மறுமுனையில் வீச ஆளே இல்லாமல்! மறுநாள் இறுதிப் போட்டியில் மறுபடி அமெரிக்கா. விரலில் கொப்புளத்தோடு இன்னும் 95 பந்துகள். மொத்தம் 413. 3-1, தங்கம்.

"கையைக் கீழிருந்து சுழற்றித்தானே போடுகிறார்கள்" என்று ஒரு நண்பர் கேட்டார். கிரிக்கெட் பிட்ச் 20 மீட்டர். இங்கே வெறும் 13. அந்தத் தூரத்திலிருந்து 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், மட்டையைத் திருப்ப அரை நொடிகூடக் கிடைக்காது.

ஆனால் அந்த 413-ஐக் கொண்டாடுவதில் எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. ஒரே ஆளை அப்படிப் பிழிந்தெடுத்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்? என்னைக் கேட்டால், அவர் செய்த பெரிய காரியம் அதற்கப்புறம் வந்த 13 வருடங்கள்தான்.

2005-இலேயே ஒலிம்பிக் கமிட்டி ஓட்டெடுப்பில் சாஃப்ட்பாலுக்கு 52-52 என்று சமமாக விழுந்தது. பெரும்பான்மை இல்லை என்று 2012-இலிருந்து தூக்கிவிட்டார்கள். ஒரு ஓட்டு! 26 வயதில் தங்கம் வாங்கியவருக்கு அடுத்த ஒலிம்பிக்கே கிடையாது. ஆட்டத்தில் அவருக்கே பிடிப்பு விட்டுப் போனது. பயிற்சியாளர் ரெய்கா உட்சுகிதான் விடாமல் இழுத்துப் பிடித்தார். ஜப்பானின் தகாசாகி நகரில் ஒரு கம்பெனி அணிக்காக வருஷக்கணக்கில் வீசிக்கொண்டே இருந்தார். 2019-இல் ஒரு லீக் ஆட்டத்தில் எதிராளி அடித்த பந்து நேரே முகத்துக்கு வந்து தாடையை உடைத்தது. வயது 36. அப்போதே போதும் என்று உட்கார்ந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

டோக்கியோ ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் திரும்ப வந்தது. 2021 ஜூலை 27, யோகோஹாமாவில் இறுதிப் போட்டி. கொரோனாவால் காலி இருக்கைகள். எதிரே அதே அமெரிக்கா. ஆறாவது இன்னிங்ஸில் உயெனோவை வெளியே எடுத்து, 20 வயது மியு கோட்டோவிடம் பந்தைக் கொடுத்தார்கள். பெய்ஜிங்கின்போது அந்தப் பெண்ணுக்கு ஏழு வயது. கோட்டோ வீசும்போது அமெரிக்கர் ஒருவர் அடித்த பந்து, மூன்றாவது பேஸில் (ஓடுபவர்கள் தொட வேண்டிய இடம்) நின்ற ஜப்பான் வீராங்கனையின் கையில் பட்டுத் தெறிக்க, சக வீராங்கனை அட்சுமி அது தரையில் விழுமுன் பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிந்தார். அங்கிருந்து ஓடத் தொடங்கியிருந்தவரும் அவுட். ஒரே பந்தில் இரண்டு அவுட். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை.

சாஃப்ட்பாலில் ஆட்டத்தைத் தொடங்கிய வீரர் வெளியே போனாலும் ஒருமுறை திரும்ப வரலாம். ஏழாவது இன்னிங்ஸுக்கு 39 வயது உயெனோ மறுபடி இறங்கி வந்தார். 2-0, மறுபடி தங்கம். அடுத்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் மறுபடியும் இல்லாமல் போனது.