இதோ வந்துவிட்டேன் சார்

இன்று 47ஆம் நாள். 12 நாளில் முடித்துத் தருவதாகச் சொன்ன குளியலறை. இதுவரை பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் இன்று காலை நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னார் மேஸ்திரி. நேற்றிரவு நானே அழைத்துக் கேட்டு, "எட்டு என்றால் எட்டு சார்" என்று அவர் வாயாலேயே வாங்கிய எட்டு. அதை நம்பி அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு சொன்னேன். 8.20க்கு முதல் அழைப்பு: மணி அடித்து ஓய்ந்தது. 8.45க்கு இரண்டாவது: "கிளம்பிவிட்டேன் சார்." கிளம்பியவரின் பின்னால் வண்டிச் சத்தம் கேட்க வேண்டாமா? எனக்குக் கேட்டது தொலைக்காட்சிச் செய்தி. தலைப்புச் செய்திகள் முழுவதையும் அவர் தயவில் கேட்டேன். 9.30க்கு மூன்றாவது: "இதோ வந்துவிட்டேன் சார்."

பள்ளிக்கூடத்தில் கால வழுவமைதி என்று ஒரு பாடம் நடத்தினார்கள், நினைவிருக்கிறதா? இன்னும் கிளம்பாதவன் 'இதோ வந்துவிட்டேன்' என்று இறந்தகாலத்தில் சொன்னால் அது பிழையில்லை. விரைவு, மிகுதி, தெளிவு ஆகிய காரணங்களுக்காக மன்னித்துவிடலாம் என்பது விதி. அன்றைக்குப் பரீட்சைக்கு உதவியது. இன்றைக்கு யோசித்துப் பார்க்கிறேன். மேஸ்திரியிடம் விரைவு இல்லை. தெளிவு சுத்தமாக இல்லை. மிகுதி வேண்டுமானால் உண்டு: ஒரே நேரத்தில் ஒப்புக்கொண்ட வீடுகளின் மிகுதி.

11.40க்கு வந்தார். தனியாக. சித்தாள் எங்கே என்றால், "சாமான் எடுத்துக்கொண்டு பின்னால் வருகிறான்." அந்தச் சித்தாள் பின்னால் வரத் தொடங்கி ஒன்பது நாளாகிறது. பையைக் கூடத்தில் வைத்தார். குளியலறை வாசலில் நின்று, இடுப்பில் கைவைத்து, தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். பிறகு கேட்டார்:

"யார் சார் இந்தத் தரையைப் போட்டது?"

"நீங்கள்தான் மேஸ்திரி."

"அப்படியா" என்றார். அதில் வெட்கமும் இல்லை, வியப்பும் இல்லை. ஏதோ தூரத்து உறவினருக்குக் குழந்தை பிறந்த செய்தியைக் கேட்டது போன்ற 'அப்படியா'.

சரி, வந்தவரிடம் குறையைக் காட்டிவிடலாம் என்று அரை வாளித் தண்ணீரை உள்ளே கவிழ்த்தேன். குளியலறைத் தரை ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வடிகாலை நோக்கி இறங்க வேண்டும். இதைத்தான் வாட்டம் என்கிறார்கள். எனக்கே இதைச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான், முதல் நாள், முன்பணம் வாங்குவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன்னால். இப்போது தண்ணீர் என்ன செய்தது தெரியுமா? வடிகாலைச் சீண்டக்கூட இல்லை. தரை நடுவில் ஒரு கணம் தயங்கி நின்றது. ஒரு டைல்ஸ் இடுக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பியது. அங்கிருந்து நேராகக் கதவுப் பக்கம் வந்து, வாசற்படி மூலையில் குளம் கட்டி, நிலைப்படியின் மரத்தை நக்கத் தொடங்கியது. வடிகால் ஜாலி பளபளவென்று காய்ந்து கிடந்தது. இந்த 47 நாளில் அதன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கியிருக்காது.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் குளத்தைப் பார்த்தார்.

"புதுத் தரை சார். போகப் போகத் தண்ணீர் தடம் பிடித்துக்கொள்ளும்."

தண்ணீர் தடம் பிடித்துக்கொள்ளுமாம்! என்ன, புது வேலைக்குச் சேர்ந்த பையனா அது, நான்கு நாள் போனால் வழி பழகிவிட? எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, கால்சட்டையை மடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். வலது காலால் அந்தக் குளத்தைத் தள்ளித் தள்ளி, சிறு பிள்ளை மழைநீரில் விளையாடுவது போல, வடிகால்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். தண்ணீர் உள்ளே இறங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "பாருங்கள், போகிறதல்லவா!" என்றார்.

போகிறது மேஸ்திரி. இனி நாங்கள் குளிக்கும்போதெல்லாம் நீங்கள் கூடவே நின்று காலால் தள்ளிவிட்டால் அருமையாகப் போகும்.

டைல்ஸைத் தட்டிக் காட்டினேன். அடியில் கலவை நிறைந்திருந்தால் சத்தம் கனமாக வரும். எங்கள் வீட்டில் டொக் டொக் என்று தேங்காய் மூடியைத் தட்டுவது போல வந்தது. "அது பிளம்பர் குழாய் ஓடிய இடம் சார்" என்றார். பிளம்பரைக் கேட்டால் எலக்ட்ரீஷியன் என்பார். எலக்ட்ரீஷியனைக் கேட்டால் மேஸ்திரி என்பார். மூவரையும் ஒரே நாளில் ஒரே அறையில் நிறுத்திவிடலாம் என்று மூன்று முறை முயன்றேன். கிரகணம்கூட அதைவிட எளிதாகக் கூடி வருகிறது.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் வடிகால் வாயை அடைத்து, ஒரு நாளாவது தண்ணீரைத் தேக்கி வைத்து, எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சோதனை ஒரு குவளைத் தண்ணீரில், ஒரு பீடி பற்றவைக்கும் நேரத்தில் முடிந்தது. "ஒழுகவில்லை சார்." ஊற்றியது அப்போதுதான் தரையைத் தொட்டிருந்தது.

இந்த லட்சணத்தில் மைத்துனர் போனில் ஆறுதல் சொல்கிறார். பார்சிலோனாவில் சக்ராதா பமீலியா என்ற தேவாலயத்தை 1882இல் தொடங்கினார்களாம். அதன் பெரும்பகுதியை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கௌதி 1926இல் இறந்த பிறகும் பல பத்தாண்டுகள் வேலை நடந்ததாம். "என் வாடிக்கையாளருக்கு அவசரமில்லை" என்று கௌதி கடவுளைக் காட்டிச் சொன்னதாகச் சொல்வார்களாம். நல்லது மாப்பிள்ளை. கடவுளுக்குக் காலையில் குளித்துவிட்டு ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

சாதாரண சிமென்ட்கூட வாக்குத் தவறுவதில்லை. தண்ணீர் கலந்தால் குறைந்தது அரை மணி நேரம் பொறுத்து இறுகத் தொடங்க வேண்டும், 10 மணி நேரத்துக்குள் இறுகிவிட வேண்டும் என்று அதற்குத் தரவிதி இருக்கிறது. கான்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாள் சோதித்துக் கணக்குக் கேட்கிறார்கள். மண்ணுக்கும் கல்லுக்கும் கெடு வைத்த மனிதன், அவற்றைக் குழைப்பவருக்கு மட்டும் ஏன் வைக்காமல் விட்டான்?

அவர் பக்கமும் நியாயம் இருக்கும். ஆள் கிடைப்பதில்லை, சாமான் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, போன வீட்டுக்காரர் பாக்கி வைத்திருப்பார். எல்லாம் தெரியும். நாளைக்கு யோசிக்கிறேன். நாளை என்றால் அவர் சொல்லும் நாளை.

கதைக்கு வருகிறேன். காலால் தண்ணீர் தள்ளி முடித்ததும், "ஒரு பேனா கொடுங்கள் சார்" என்றார். கொடுத்தேன். டேப்பை நீட்டி எதையோ அளந்தார். சென்ற வாரம்தான் வெள்ளையடித்த சுவரில், கண்ணுக்கு நேராக, 62 என்று எழுதினார். அடித்தார். 64 என்று எழுதினார். அடியில் ஒரு கோடு போட்டார். "சின்னச் சாமான் ஒன்று வேண்டும் சார், பத்தே நிமிடம், பை இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிப் படியிறங்கினார். அப்போது 12.05. வந்து மொத்தம் 25 நிமிடம்.

பை இருக்கிறதே, திரும்பி வந்துதானே ஆக வேண்டும் என்று முதல் மூன்று வாரம் நானும் நம்பினேன். பையைப் பிணையாக வைத்திருப்பதாக எனக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட இருந்தது. போன வாரம்தான் விஷயம் தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் இவர்தான் சமையலறை மேடை போடுகிறார். அவர்கள் கூடத்திலும் இதே போல ஒரு பை இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, எடுத்துக்கொண்ட ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பையைப் போட்டு வைத்திருக்கிறார் மனிதர்.

இப்போது இரவு மணி எட்டு. எட்டு என்றால் எட்டுதான், காலை என்று நானாக நினைத்துக்கொண்டேனோ? பொறுக்க முடியாமல் அந்தப் பையைத் திறந்தேன். கலவை காய்ந்து ஒட்டிய கரண்டி ஒன்று. நூல்கண்டு. பாதி தேய்ந்த உளி. அடியில், குமிழி நிற்கும் இடத்தை வைத்து மட்டம் பார்க்கும் ரசமட்டம். தரை மட்டத்தையும் வாட்டத்தையும் இதை வைத்துத்தானே பார்த்திருப்பார் என்று எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் இருந்த கண்ணாடிக் குழல் விரிசல் விட்டிருந்தது. உள்ளே திரவம் இல்லை. திரவம் இல்லாத இடத்தில் குமிழி எங்கிருந்து வரும்? இப்படிப் பிடித்தேன், அப்படிப் பிடித்தேன், தலைகீழாகப் பிடித்தேன். எப்படிப் பிடித்தாலும் வெற்றுக் குழல்தான்.

அப்போது வந்தது பாருங்கள் சிரிப்பு. கையில் ரசமட்டத்தோடு கூடத்தில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மனைவி ஓடி வந்து, "என்ன ஆயிற்று, மேஸ்திரி வந்துவிட்டாரா?" என்றாள். இன்னும் சிரித்தேன்.

பிறகு இதையெல்லாம் முதலில் தாளில் எழுதி வைக்கலாம் என்று பேனாவைத் தேடினேன். மேசையில் இல்லை. சட்டைப் பையில் இல்லை. படியிறங்கிப் போகும்போது அவர் காதில் நீலமாக ஏதோ செருகியிருந்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பேனா எவ்வளவு வழுக்கிக்கொண்டு எழுதும் தெரியுமா? ஆறு வருடமாக வைத்திருந்தேன்.