நாற்பதுக்கு ஆள் இருக்கு, ஐம்பதுக்கு ஆள் இல்லை

இன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "ஈஸ்டர் வாழ்த்துகள்" என்று ஒரு வரி போட்டேன். ஐந்து நிமிடத்தில் சித்தப்பாவிடமிருந்து பதில் வந்துவிட்டது: "என்னப்பா, உனக்கு நெட் இப்பத்தான் வந்துச்சா? ஈஸ்டர் போய் ஒரு வாரத்துக்கு மேல ஆச்சே." அதற்குக் கீழே வரிசையாக நாலு பேர் சிரிப்புப் பொம்மை.

சிரித்த நாலு பேரும் தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பில், கில்லாடிகள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு), வெள்ளிக்கிழமை தவறாமல் சுத்தபோசனம் (இறைச்சி விலக்கு), சாயங்காலமானால் சிலுவைப்பாதை. ஒரு வெள்ளி கோயிலுக்கு வரவில்லையென்றால் "உடம்பு சரியில்லையா?" என்று விசாரணைக் கமிஷன் வைப்பார்கள். சித்தி பிறந்த வீட்டில் இதையே லெந்து நாட்கள் என்பார்கள்; பெயர்தான் வேறு, கண்டிப்பு அதே. ஆனால் ஈஸ்டரும் ஒரு காலம்தான், அதற்கு ஐம்பது நாள், தூய ஆவி இறங்கிய பெந்தகோஸ்து விழா அன்றுதான் அது முடிகிறது என்று சொன்னால் இவர்கள் என்னைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். நான் ஏதோ புதிய சபையில் சேர்ந்துவிட்டதாக நினைப்பு.

என் வழக்கு இதுதான்: நாற்பது நாள் நோன்பை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டோம். அது எதற்காக வந்ததோ அந்த ஐம்பது நாளை எங்கேயோ தொலைத்துவிட்டோம்.

வரலாற்றில் முதலில் வந்தது நாற்பது நாள் இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆயர் இரேனியுஸ் எழுதிய கடிதத்தின் ஒரு பகுதியை யூசேபியஸ் தன் திருச்சபை வரலாற்றில் காப்பாற்றி வைத்திருக்கிறார். ஈஸ்டருக்கு முன் சிலர் ஒரு நாள் நோன்பிருக்கிறார்கள், சிலர் இரண்டு நாள், சிலர் அதற்கும் மேல், சிலருக்கு நாற்பது மணி நேரக் கணக்கு என்று அதில் வருகிறது. ஊருக்கு ஊர் வழக்கம் மாறியது. அதற்காக அடித்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் அவர் வாதமே. அதே காலத்தை ஒட்டி வாழ்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியனோ, ஈஸ்டர் தொடங்கிப் பெந்தகோஸ்து வரை நோன்பும் கூடாது, முழங்காலிடவும் கூடாது என்று ஏற்கெனவே ஊறிப்போன பழக்கத்தைச் சொல்வதுபோலச் சொல்கிறார். நோன்பு ஒரு நாளா இரண்டு நாளா என்று இழுபறி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஐம்பது நாள் கொண்டாட்டம் கால் ஊன்றி நின்றிருக்கிறது!

325-ல் ஆயர்களின் நிசேயா பொதுச்சங்கம் கூடியது. அதன் ஐந்தாவது விதி, ஆயர்கள் ஆண்டுக்கு இருமுறை கூடட்டும், ஒரு கூட்டம் "நாற்பது நாளுக்கு" முன்னால் நடக்கட்டும் என்று போகிற போக்கில் சொல்கிறது. தவக்காலம் நாற்பது நாள் என்பதற்கு நம் கையில் இருக்கும் மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று. அதே சங்கத்தின் கடைசி விதி, இருபதாவது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தகோஸ்து வரையிலான நாட்களிலும் சிலர் முழங்காலில் நின்று செபிக்கிறார்களாம், இனி எல்லோரும் எழுந்து நின்றே செபிக்க வேண்டும் என்கிறது அது. முழங்காலிடுவது மனம் வருந்துகிறவரின் நிலை. எழுந்து நிற்பது உயிர்த்தெழுந்தவரின் நிலை. இதைச் சொல்லிக்கொடுக்கப் பிரசங்கம் தேவைப்படவில்லை, ஐம்பது நாளும் கால் வலித்தாலே புரிந்துவிடும்.

ஐந்தாவது விதியில் ஒரு சொல்லாக வந்த நாற்பது இன்று எல்லோருக்கும் மனப்பாடம். விதியாகவே போட்ட ஐம்பதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

(நாற்பதிலும் கணக்கு உதைக்கும். சாம்பல் புதனிலிருந்து பெரிய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். அதில் ஆறு ஞாயிறு. ஞாயிறு உயிர்ப்பின் நாள், அன்று நோன்பு கிடையாது. கழித்தால் 40. தவக்காலத்துக்குள்ளேயே வாரம் ஒருமுறை ஈஸ்டர் எட்டிப் பார்க்கிறது என்பதுதான் இந்தக் கழித்தலின் அர்த்தம். கீழைத் திருச்சபைகள் பல சாம்பல் புதன் இல்லாமல் திங்கட்கிழமையே தொடங்கிவிடும், அவர்கள் கணக்கு தனி.)

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எஜேரியா என்ற பெண் எருசலேமுக்குத் திருப்பயணம் போய், பார்த்ததையெல்லாம் ஊரிலிருந்த தோழிகளுக்கு எழுதினார். புனித வாரத்தை நாம் கொண்டாடும் முறையில் பாதியை அந்தக் கடிதத்திலேயே பார்க்கலாம். பெரிய வெள்ளியன்று சிலுவை மரத்தை மேசைமேல் வைத்திருக்கிறார்கள். ஆயர் உட்கார்ந்து அதன் இரு முனைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். சுற்றிலும் திருத்தொண்டர்கள் காவல். மக்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து, நெற்றியாலும் கண்ணாலும் தொட்டு, முத்தமிட்டுவிட்டுப் போகிறார்கள். எதற்கு இவ்வளவு காவல்? முன்பு ஒருமுறை யாரோ முத்தமிடுவதுபோல் குனிந்து ஒரு துண்டைக் கடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்! பக்தி முற்றினால் பல்லும் வேலை செய்யும். வாசித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.

அதே எஜேரியா இன்னும் இரண்டு விஷயம் எழுதுகிறார். தவக்காலத்தில் சிலர் வாரத்துக்கு ஒருமுறைதான் சாப்பிடுகிறார்கள், சிலரால் அது முடியாது. அதிகம் செய்கிறவரை யாரும் புகழ்வதில்லை, குறைவாகச் செய்கிறவரை யாரும் பழிப்பதில்லை, அவரவர் இயன்றதைச் செய்கிறார்கள். ஆனால் ஈஸ்டருக்குப் பிறகு ஐம்பது நாள் அங்கே ஒருவரும் நோன்பிருப்பதில்லை, துறவு வாழ்வு வாழ்கிறவர்கள் உட்பட. நோன்பில் அவரவர் இஷ்டம், கொண்டாட்டத்தில் எல்லோரும் சமம். நாம் இதை அப்படியே தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

எப்படித் தலைகீழானது? தவக்காலம் முதலில் திருமுழுக்குக்கான பயிற்சிக் காலம். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் திருமுழுக்குத் தண்ணீரில் இறங்கப் போகிறவர்கள் வாரக்கணக்கில் பாடம் கேட்டார்கள், நோன்பிருந்தார்கள். மற்றவர்கள் அவர்களுக்குத் துணையாக நோன்பிருந்தார்கள். ஈஸ்டருக்குப் பின் ஒரு வாரம் புதியவர்கள் வெள்ளை அங்கியோடு கோயிலுக்கு வருவார்கள். பிறகு எல்லோரும் குழந்தையிலேயே திருமுழுக்குப் பெற ஆரம்பித்ததும் பயிற்சி பெற ஆளில்லை. மிஞ்சியது துக்கமும் சாப்பாட்டுச் சட்டமும்தான்.

சாப்பாட்டுச் சட்டம் எங்கே கொண்டுபோய் விட்டது தெரியுமா? இடைக்கால ஐரோப்பாவில் இறைச்சியோடு பால், வெண்ணெய், முட்டையும் விலக்கு. கோழிக்குத் தவக்காலம் தெரியாதே, அது பாட்டுக்கு இட்டுக்கொண்டிருந்தது. சேர்ந்துபோன முட்டைகளுக்கு ஈஸ்டரன்று விடுதலை. ஈஸ்டர் முட்டை இவ்வளவு பரவியதற்கு அது ஒரு காரணம், கல்லறை உடைவதன் அடையாளம் என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. வெண்ணெய் விஷயம் இன்னும் வேடிக்கை. காசு கொடுத்தால் வெண்ணெய் சாப்பிட அனுமதி கிடைக்கும். பிரான்சில் ரூவான் பேராலயத்தின் ஒரு கோபுரத்துக்கு இன்றைக்கும் வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர். அந்தக் காசில் எழும்பியது என்பதுதான் பெயர்க் காரணம். சீர்திருத்தவாதி லூத்தர் 1520-ல் இதைக் கிழிகிழியென்று கிழித்து எழுதினார். 1522 தவக்காலத்தில் சூரிக் நகரத்தில் அச்சக உரிமையாளர் ஃப்ரோஷௌவர் வீட்டில் சாசேஜைத் துண்டு போட்டு எல்லோருமாகச் சாப்பிட்டார்கள். அந்நகரத்துப் பிரசங்கியார் ஸ்விங்லி அங்கே இருந்தார், ஆனால் சாப்பிடவில்லை. விவகாரம் நகர மன்றம் வரை போனது. ஸ்விங்லி உணவுச் சுதந்திரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்து அதை அச்சிலும் போட்டார். சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தக் கதையே சாசேஜில்தான் தொடங்குகிறது. வெனிசுவேலாவில் கேப்பிபாரா என்ற பெரிய கொறிவிலங்கை இன்றும் தவக்காலத்தில் சாப்பிடுகிறார்கள். தண்ணீரில் கிடப்பதால் அது மீன் கணக்கு!

1966-ல் திருத்தந்தை 6-ஆம் பவுல் இந்தச் சட்டத்தையெல்லாம் சுருக்கினார். இன்று கத்தோலிக்கருக்குக் கட்டாய ஒருசந்தி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான். அதுவும் 18 வயது நிரம்பியவர் முதல் 60-ஆவது வயது தொடங்கும் வரை. சுத்தபோசனம் 14 வயதிலிருந்து. மற்றதெல்லாம் நாமே விரும்பி ஏற்பது. ஆனால் நம் வீடுகளில் சட்டம் சுருங்கியதாகவே தெரியவில்லை. குழம்பில் கோழி வாசனை வந்தால் பாவமா என்று ஒரு மணி நேரம் விவாதிப்பார்கள், பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பியைப் பற்றி ஒரு நிமிடம் பேச மாட்டார்கள். சாம்பல் புதனுக்குத் திருச்சபை தேர்ந்தெடுத்திருக்கும் நற்செய்தியே மத்தேயு ஆறாம் அதிகாரம்தான்: நோன்பிருக்கும்போது முகவாட்டமாய் இருக்காதே, தலைக்கு எண்ணெய் தடவி முகத்தைக் கழுவு. அதைக் கேட்டுவிட்டு நெற்றியில் சாம்பலோடு செல்ஃபி எடுக்கிறோம். நானும் எடுத்திருக்கிறேன், பழைய பதிவுகளில் தேடினால் கிடைக்கும்.

மக்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஈஸ்டரைத் திருச்சபையே ஒரு காலத்தில் தொலைத்திருக்கிறது. பாஸ்கா திருவிழிப்பு என்பது ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாடு. அது இடைக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து, கடைசியில் சனிக்கிழமை காலையில் வந்து நின்றது. ஜன்னல் வழியாக வெயில் அடிக்கும். புது நெருப்பு மூட்டுவார்கள், அதன் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. திருத்தொண்டர் பாஸ்கா புகழுரையில் "இந்த இரவிலேதான்" என்று திரும்பத் திரும்பப் பாடுவார். வெளியே பட்டப்பகல். இப்படியே நூற்றாண்டுகள் ஓடின! 1951-ல் 12-ஆம் பயஸ்தான் சோதனை முயற்சியாக இரவில் நடத்த அனுமதித்தார், 1956 முதல் அதுவே விதியானது. அப்படியானால் பெரிய வெள்ளியின் கனம் ஒரு நாளும் குறையாமலிருந்ததற்கும் ஈஸ்டர் இரவு வெறும் சடங்காய்ச் சுருங்கியதற்கும் காரணம் என் சித்தப்பா இல்லை.

மற்றவர்கள் இன்னும் விட்டுவிடவில்லை. ஆர்த்தடாக்ஸ் கோயில்களில் ஈஸ்டரை அடுத்த வாரம் முழுக்கப் பீடத்தின் கதவுகளை மூடுவதே இல்லை. இயேசுவின் விண்ணேற்ற விழா வரை ஒருவரையொருவர் பார்த்தால் "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்பதுதான் வணக்கம், "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்பதுதான் பதில் வணக்கம். போலந்தில் ஈஸ்டர் திங்களன்று ஆள்மேல் ஆள் தண்ணீரைக் கொட்டிக்கொள்கிறார்கள். ஜெர்மன் நாடுகளில் முன்பு ஈஸ்டர் பிரசங்கத்தில் குருவே நகைச்சுவை சொல்லிச் சபையைச் சிரிக்க வைப்பார், ஈஸ்டர் சிரிப்பு என்றே அதற்குப் பெயர். சில குருக்கள் எல்லை மீறினார்கள், கண்டனமும் வந்தது. எல்லை மீறும் அளவுக்குக் கோயிலுக்குள் சிரித்திருக்கிறார்களே, எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

நமக்கு ஏன் வரவில்லை? துக்கம் நமக்குப் பழகிய விஷயம். சாவு வீட்டுக்குப் போனால் எங்கே உட்கார வேண்டும், என்ன பேச வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பெரிய வெள்ளி அதனால்தான் கைகூடுகிறது. கல்லறை காலியாகக் கிடந்தால் என்ன செய்வது என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்குப் போன பெண்களுக்கே தெரியவில்லை. மாற்கு நற்செய்தியின் பழைய பிரதிகளில் அந்தப் பெண்கள் நடுக்கத்தோடு ஓடிப்போய், பயத்தால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு கதை நின்றுவிடுகிறது. பேதுரு மீன்பிடிக்கத் திரும்பிப் போகிறார். திருத்தூதர் பணிகள் முதல் அதிகாரத்தின்படி உயிர்த்தவர் நாற்பது நாள் தோன்றிப் பேச வேண்டியிருந்தது. அந்த நாற்பதை யாரும் எண்ணுவதில்லை.

சிலுவைப்பாதைக்குப் பதினான்கு நிலைகள் இருப்பதுபோல உயிர்ப்புக்கும் பதினான்கு நிலைகளோடு ஒளியின் பாதை என்று ஒரு வழிபாடு உண்டு. 2001-ல் வத்திக்கான் வெளியிட்ட மக்கள் பக்தி பற்றிய வழிகாட்டியே அதைப் பரிந்துரைக்கிறது. ஒரு சாமியாரிடம் கேட்டேன், நம் கோயிலில் வைக்கலாமே என்று. "யார் வருவா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் போன வருடம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு நானே போகவில்லை.

இந்த வருடம் வார நாட்களில் பாஸ்கா திரி, அதாவது ஈஸ்டர் காலப் பெரிய மெழுகுதிரி, ஏற்றும் முறை எனக்கு வந்தது. போன வாரம் ஒரு சாயங்காலம் பூசைக்கு நான் உட்படப் பதினோரு பேர். திரியின் உடம்பில் மேலே அகரம், கீழே னகரம் (தொடக்கமும் முடிவும்), சிலுவையைச் சுற்றி ஆண்டின் நாலு எண்கள், இயேசுவின் ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள். ஒரு மணி விழுந்து குழி மட்டும் தெரிந்தது. மெழுகு ஒரு பக்கமாக வழிந்து ஆண்டின் கடைசி எண்ணை மூடியிருந்தது. பூசை முடிந்து நான் அணைக்கும்போது ஒரு அக்கா பக்கத்தில் வந்து, "இதை ஏன் தம்பி இன்னும் எடுக்காம வச்சிருக்கீங்க? ஈஸ்டர்தான் முடிஞ்சிருச்சே" என்றார். பெந்தகோஸ்து வரை இங்கேதான் நிற்கும் அக்கா என்றேன். "அவ்ளோ நாளா?" என்று திரியை ஒருமுறை மேலும் கீழும் அளந்து பார்த்தார். "அதுவரைக்கும் தாங்குமா?"

இப்போதுதான் குழுவில் பதில் போட்டேன்: "சித்தப்பா, ஈஸ்டர் ஞாயிறோட சேத்து எண்ணிப் பாருங்க. இன்னைக்குப் பத்தாம் நாள். இன்னும் சரியா நாற்பது இருக்கு." நீல டிக் விழுந்து அரை மணி நேரம் ஆகிறது. எண்ணிக்கொண்டிருக்கிறார் போல.