தண்ணீர் இல்லாத எஞ்சினும் சூடேறும்
வொக்ஸ்வேகன் பீட்டிலின் படுத்த நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு ரேடியேட்டர் இல்லை, ஆகவே மலை ஏறினாலும் சூடேறிப் பழுதாகாது என்று மேலேயுள்ள கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அப்பா காலத்து பீட்டில் 1300 ஒன்று இன்றும் ஓடுகிறது, ரம்பொடையிலிருந்து லபுக்கலை வழியாக நுவரெலியாவுக்குச் சின்னக் கியரிலேயே ஏறும்போது அதற்கு என்ன நடக்கும் என்று பல வருடமாகப் பார்த்து வருகிறேன். தண்ணீர் கொதிக்காது, சரி, ஆனால் அந்தச் சூட்டை இறக்குவது விசிறிக் காற்றும் வெறும் இரண்டரை லீற்றர் ஒயிலும்தான். பழைய எஞ்சின்களில் ஒயிலை ஆற்றும் ஒயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே நின்று மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறிக்கும், அதனால் அதுதான் அதிகம் சூடாகும், எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸோஸ்ட் வால்வ் முறிவதும் பெரும்பாலும் அங்கேதான். எங்களுடையதிலும் அந்த வால்வ்தான் போனது. கழற்றிப் பார்த்தால் எஞ்சினைச் சுற்றி இருக்க வேண்டிய றப்பர் சீல் பாதியைக் காணவில்லை, கீழேயிருந்து வந்த சூட்டுக் காற்றையே விசிறி திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறது. மேலே கருத்து எழுதிய ஒருவர், டாஷ்போர்டில் டைனமோவுக்கான சிவப்பு லைட் எரிந்தால் வீடு வரை ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறார், தயவுசெய்து ஓட்டாதீர்கள், விசிறியும் பற்றரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவும் ஒரே பெல்ட்டில்தான் சுற்றுகின்றன, பெல்ட் அறுந்திருந்தால் காற்றும் நின்றுவிடும், அந்த இடத்திலேயே நிறுத்திப் பாருங்கள். அப்புறம், இந்த எஞ்சினில் ஒயில் ஃபில்டர் கிடையாது, ஒரு வலை மட்டும்தான், ஆகவே 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றி, எஞ்சின் முழுதாக ஆறியபின் வால்வ் இடைவெளியை 0.15 மில்லிமீற்றருக்கு வைக்க வேண்டும், நான் ஏற்றத்திலேயே ஓடுவதால் 3,000க்கே மாற்றிவிடுகிறேன்.