அப்டைம் 20 நாள் என்றால்?

லேப்டொப்பில் ஓடும் மெய்நிகர் சேர்வரின் (மென்பொருளால் உருவாக்கிய, கணினிக்குள் ஒரு கணினி) அப்டைம் (uptime, கடைசியாக ஸ்டார்ட் ஆனதிலிருந்து ஓடும் நேரக்கணக்கு) 20 நாள் காட்டினால், அது 20 நாளும் இடைவிடாமல் வேலை செய்தது என்று தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. இடையில் ரீஸ்டார்ட் ஆகவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். ஹட்டனில் கரண்ட் போனதும் பற்றரியை மிச்சம் பிடிக்க லேப்டொப்பை மூடிவைப்போமே, அப்போது உள்ளே இருக்கும் சேர்வரும் அப்படியே உறைந்துவிடும். தூங்கிய நேரம் கணக்கில் சேருமா என்பது மெய்நிகர் சேர்வரை ஓட்டும் மென்பொருளைப் பொறுத்தது. எப்படியானாலும் எண் பூச்சியத்துக்குத் திரும்பாது.

சரி, நீங்களே பார்க்கலாம். சேர்வருக்குள் அப்டைம் கட்டளையை அடித்து எண்ணைக் குறித்துவிட்டு, லேப்டொப்பை 10 நிமிடம் ஸ்லீப்பில் போடுங்கள். பிளேன்டீ குடித்தபடி போனிலிருந்து சேர்வரைத் திறந்து பாருங்கள், பதில் வராது. அப்புறம் லேப்டொப்பைத் திறந்து அதே கட்டளையை மறுபடி அடியுங்கள், எண் பூச்சியத்துக்குத் திரும்பியிருக்காது.