முதல் ரயில் எஞ்சின் ஸ்டீபன்சனுடையது அல்ல

"உலகின் முதல் ரயில் எஞ்சினைச் செய்தவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன்" என்று பகிரப்படும் தகவல் தவறு. ரயிலை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு பெரியது, சரி. ஆனால் அவருடைய முதல் எஞ்சின் ஓடியது 1814இல்தான். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1804 பிப்ரவரி 21 அன்று, கார்ன்வால்காரரான ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் எஞ்சின் வேல்ஸின் பெனிடாரனில் 10 டன் இரும்பையும் சுமார் 70 ஆட்களையும் இழுத்துக்கொண்டு ஏறத்தாழ 9 மைல் போய்விட்டது. ஜேம்ஸ் வாட் ஆபத்தென்று ஒதுக்கிய உயர் அழுத்த நீராவியை ட்ரெவிதிக் துணிந்து பயன்படுத்தினார். அதனால்தான் எஞ்சின் சக்கரங்களின் மேல் ஏற்றும் அளவுக்குச் சிறியதானது. எவ்வளவு பெரிய பாய்ச்சல் அது! அப்புறம் ஏன் தொடர்ந்து ஓடவில்லை? எடை தாங்காமல் உடைந்தவை வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள்தான், எஞ்சின் அல்ல.